பறவைகளின் பெயரால் சில கடவைகள்

எமது நண்பர் ஒருவர் வன்னியிலே இருபது ஆண்டுகள் லொறி ஓட்டியவர். இலண்டன் வந்து பன்னிரண்டு மாதங்கள் கழிந்ததும், அவருடைய இலங்கைச் சாரதி அனுமதிப்பத்திரம் இங்கே செல்லாக் காசாயிற்று. பண்டசாலையொன்றில் இரவு முழுதும் பெட்டி சுமந்து நாரி முறிந்த அம்மனிதருக்கு, வான் ஓட்டும் வேலையொன்று காத்திருந்தது. இடையிலே நின்றது வினாப் பரீட்சை. 57 நிமிடங்களில் 50 வினாக்கள். 43 விடைகளேனும் சரியாதல் வேண்டும்.

2014 ஏப்ரில் வரை இவ்வினாக்களைத் தமிழ்க் குரலிலே கேட்டு விடையளிக்க வழியிருந்தது. அரசாங்கம் அதனை நிறுத்திற்று. மொழிபெயர்ப்பாளர் சிலர் விடையையும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்தனர் என்பது கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. மோசடியை நாம் மறுக்கவில்லை. ஆனால், பதிவு செய்து வைத்த குரல் யாருக்கு விடை சொல்லிற்று?

ஆகவே 2015இல் நாம் ஆசிரியரானோம். ஞாயிறுதோறும் குசினி மேசையிலே மாதிரி வினாத்தாள்கள் விரிந்தன. ஒரு மாதத்தில் ஐந்து தாள்கள் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். வினாவின் முதற்சொல்லைக் கண்டதும், "மூண்டாவது" என்பார். நாமும் மகிழ்ந்தோம். உண்மையான வினாக்களை வெளியிடும் வழக்கம் 2012 ஜனவரியோடு ஒழிந்துவிட்டதென்பதை நாம் எண்ணிப் பார்க்கவில்லை. பழைய வினாத்தாள் செய்தே வளர்ந்த யாழ்ப்பாணத்துப் புத்தி! விடைகளின் வரிசையை ஒருநாள் மாற்றிக் கேட்டோம். அவர் விழித்தார்.

பிறகு சொல் சொல்லாகத் தொடங்கினோம். நெடுஞ்சாலையின் ஓரத்திலே, பழுதான வாகனத்துக்கென விடப்பட்ட பகுதிக்கு 'ஹாட் ஷோல்டர்' என்று பெயர். "தோள்மூட்டு றோட்டில எங்கை, அண்ணை?" என்றார். பாதசாரிக் கடவைகளுக்கோ பெலிக்கன், பஃபின், ரூக்கன் எனப் பறவைப் பெயர்கள். மணிக்கு 30 மைல் வேகத்தில் நிற்பதற்கு 23 மீற்றர் செல்லும். அதில் 9 மீற்றர், கால் பிறேக்கைத் தொடுமுன்னரே கழிந்துவிடும். இதனை அவர் கால் நன்கறியும். இலக்கமாக நா அறியாது.

பரீட்சையன்று, திரையில் ஓடும் வீதிக் காட்சிகளில் ஆபத்தைக் கண்டுணரும் பகுதியிலே 75க்கு 58 பெற்றார்; 44 போதும். வினாப் பகுதியில் 41. ஒன்றிலே தவறினால் இரண்டையும் மீண்டும் எழுத வேண்டுமென்பது விதி. வான் வேலை வேறொருவருக்குப் போயிற்று.

அடுத்த ஞாயிறு அவர் வரமாட்டாரென்றே இருந்தோம். பத்து மணிக்குக் கதவு தட்டப்பட்டது.

"சைக்கிள்காரரும் சேர்ந்து கடக்கிற பறவை எது, அண்ணை?"

"ரூக்கன்" என்றோம். கொப்பியில் தமிழிலே எழுதிக்கொண்டார்.