தாம்பரம் லைன்ல ஒரு டாக்டர் சீட்!

தாம்பரம்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? பொங்கலுக்கு ஊருக்குப் போறப்போ மாட்டிக்கிற டிராஃபிக், கிறிஸ்தவக் கல்லூரி காட்டுக்குள்ள மேயுற புள்ளிமான்கள், தலைக்கு மேல சீறிப் போற ஏர்ஃபோர்ஸ் விமானம்... இந்தப் பக்கம் இன்ஜினீயரிங் படிக்கிற என்னைக் கேட்டா, காலை எட்டு மணி லோக்கல்ல உட்கார இடம் கிடைக்குமாங்கிற கவலைதான் முதல்ல வரும்.

ஆனா, இதே லைன்ல தினமும் இன்னொரு கூட்டம் போகுது. ஸ்டெத்தைப் பைக்குள்ள சுருட்டி வெச்சுக்கிட்டு, மொபைல்ல எம்.சி.க்யூ. தட்டிக்கிட்டே நிக்கிற டாக்டர் கூட்டம். அவங்களுக்கு இந்த லைன் ஒரு அப்ளிகேஷன் ஃபார்ம் மாதிரி. பல ஸ்டேஷன்கள் ஆளுக்கொரு ஆப்ஷன்!

எங்க தெரு அக்கா ஒருத்தங்க அந்தக் கூட்டத்துல ஒருத்தர். எம்.பி.பி.எஸ். முடிச்சாச்சு, ஒரு வருஷ ஹவுஸ் சர்ஜன் டூட்டியும் முடிச்சாச்சு. இப்போ ஆசை ஒண்ணே ஒண்ணு: எம்.டி. பீடியாட்ரிக்ஸ். அதாவது, குழந்தைகள் நல மருத்துவம். கவுன்சலிங்ல எந்தெந்த காலேஜ் பேரை எழுதலாம்னு நேர்ல பார்த்து முடிவு பண்ணணும்னாங்க. "பைக்குள்ள பிஸ்கட் இருக்கு, வர்றியாடா?"னு கேட்டா வரமாட்டேன்னா சொல்வேன்?

செங்கல்பட்டு: இங்கேதான் ஆரம்பம்

2025 ஏப்ரல்ல ஏ.சி. லோக்கல் வந்தாச்சு. ஆனாலும், நம்ம பாக்கெட்டுக்கு சாதா வண்டிதான் சரி. 1965-ல தொடங்கின செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரியைப் பார்த்துட்டு வண்டி ஏறினோம். சுத்துப்பட்டு கிராமத்துல எந்தக் குழந்தைக்கு மூச்சு முட்டினாலும் கடைசியில இங்கேதான் தூக்கிட்டு ஓடி வர்றாங்க. "கத்துக்க இதைவிட நல்ல இடம் வேணுமா?" - அக்காவோட லிஸ்ட்ல இதுக்கு இரண்டாவது இடம்.

சீட் எப்படிக் கிடைக்கும்? நீட் பி.ஜி. எழுதணும். 200 கேள்வி, 800 மார்க், மூன்றரை மணி நேரம். சரின்னா 4 மார்க், தப்புன்னா 1 மார்க் கட். 2024-லேர்ந்து 40 கேள்வி கொண்ட 5 பகுதியா பிரிச்சுட்டாங்க. ஒவ்வொண்ணுக்கும் 42 நிமிஷம். முடிஞ்ச பகுதிக்குத் திரும்பிப் போக முடியாது. 2025 ஆகஸ்ட் 3-ம் தேதி சுமார் 2.4 லட்சம் பேர் எழுதினாங்க. அதுவும் ஜூன்ல நடக்க வேண்டியது. இரண்டு ஷிப்ட் கூடாது, ஒரே ஷிப்ட்ல நடத்துங்கன்னு உச்ச நீதிமன்றம் சொன்னதால தள்ளிப் போனது. 2024-ல இன்னும் மோசம். பரீட்சைக்கு முந்தின ராத்திரி ஒத்திவெச்சாங்க!

அரசுக் கல்லூரி இடங்கள்ல பாதி அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போயிடும். மீதி பாதிக்கு நம்ம மாநிலம் கவுன்சலிங் நடத்தும். அதுல 69 சதவிகித இட ஒதுக்கீடு உண்டு. கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல வேலை பார்க்கிற அரசு டாக்டர்களுக்குத் தனிப் பங்கு கொடுக்கலாம்னு 2020 ஆகஸ்ட் 31-ம் தேதி உச்ச நீதிமன்றமே தீர்ப்பு கொடுத்தது.

பொத்தேரி: பார்வையாளர் மட்டும்

ரயில்லேர்ந்தே தெரியுது எஸ்.ஆர்.எம். இங்கேயும் பீடியாட்ரிக்ஸ் இருக்கு. ஆனா, நிகர்நிலைப் பல்கலைக்கழகம்னா வருஷ ஃபீஸ் லட்சங்கள்ல. அக்காவோட அப்பா சேலையூர்ல டூ-வீலர் மெக்கானிக். "கட்டடம் அழகா இருக்குல்ல?"ன்னு மட்டும் சொல்லிட்டு அக்கா பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிச்சாங்க.

சானடோரியம்: ராமானுஜனோட டாக்டர்

தாம்பரத்துக்கு அடுத்த ஸ்டேஷன். டேவிட் சௌரி முத்துங்கிற டாக்டர் 1928-ல ஆரம்பிச்ச காசநோய் மருத்துவமனையாலதான் ஸ்டேஷனுக்கே இந்தப் பேரு. இவர் அதுக்கு முன்னாடி இங்கிலாந்துல மெண்டிப் மலையில ஒரு சானடோரியம் நடத்தினார். அங்கே 1917-ல சிகிச்சைக்கு வந்த ஒரு நோயாளி யார் தெரியுமா? நம்ம கணித மேதை ராமானுஜன்! 1937-ல அரசு எடுத்துக்கிட்ட இந்த மருத்துவமனைதான் இன்னிக்கு அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை.

பக்கத்துலயே 2005-ல திறந்த தேசிய சித்த மருத்துவ நிறுவனம். அயோத்திதாசப் பண்டிதர் பேர்ல இருக்கு அதோட மருத்துவமனை. இங்கேயும் எம்.டி. படிப்புல 'குழந்தை மருத்துவம்'னு தனித் துறையே இருக்கு. சித்தா படிச்சவங்க இதுக்கு வேற நுழைவுத் தேர்வு எழுதணும். ஆக, குழந்தை டாக்டர் ஆக நம்ம ஏரியாவுலயே இரண்டு பாதை!

குரோம்பேட்டை: கொஞ்சம் அமெரிக்கா

அப்துல் கலாம் படிச்ச எம்.ஐ.டி.யைத் தாண்டும்போது, எனக்குப் பாடத்துல வந்த ஒரு அல்காரிதம் ஞாபகம் வந்தது. அமெரிக்காவுல டாக்டர்களுக்கு 1952-லேர்ந்து 'மேட்ச்'னு ஒண்ணு நடக்குது. இன்டர்வியூ முடிஞ்சதும் மாணவர்கள் ஆஸ்பத்திரிகளை வரிசைப்படுத்துவாங்க. ஆஸ்பத்திரிகள் மாணவர்களை வரிசைப்படுத்தும். இரண்டு லிஸ்ட்டையும் கம்ப்யூட்டர் ஜோடி சேர்க்கும். இந்த மாதிரி ஜோடி சேர்க்கிற கணக்குக்காகத்தான் ஷேப்லி, ராத் இரண்டு பேரும் 2012-ல பொருளாதார நோபல் வாங்கினாங்க.

அக்கா சிரிச்சாங்க. "இங்கே ரேங்க்தான்டா எல்லாம். உனக்குக் குழந்தைங்களைப் பிடிக்குமா, அழுதா சமாளிப்பியான்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. ஆனா ஒண்ணு... அப்பா என்ன வேலை பாக்குறாருன்னும் யாரும் கேக்க மாட்டாங்க. அதனாலதான் என்னை மாதிரி ஆளு இந்த லிஸ்ட்லயே இருக்கேன்."

நான் கப்சிப்!

நுங்கம்பாக்கம்: இன்னொரு கதவு

மருத்துவக் கல்லூரியே இல்லாத ஆஸ்பத்திரியிலயும் இதே நீட் ரேங்க்கை வெச்சு டி.என்.பி. படிக்கலாம். எம்.டி.க்குச் சமமான படிப்பு. இங்கே இருக்கிற காஞ்சி காமகோடி சைல்ட்ஸ் டிரஸ்ட் மருத்துவமனை அப்படி ஒண்ணு. லிஸ்ட்ல அதுவும் ஏறியது.

பிரச்னை லிஸ்ட்டோட அடிப்பாகத்துலதான். அக்கா வாங்கின ரேங்க்குக்கு வேற சில துறைகள் ஈஸியா கிடைக்கும். பீடியாட்ரிக்ஸ் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். "பாதுகாப்புக்குக் கீழே நாலு துறையைப் போட்டு வை பாப்பா. கையில கிடைக்கிறதைப் படி"ங்கிறார் அப்பா. போட்டா, அதுவே அலாட் ஆகலாம். முதல் ரவுண்டுல சேராம விட்டா நஷ்டம் இல்லை. ஆனா, ரவுண்டு ஏற ஏற விதிகள் இறுகும். கடைசி ரவுண்டுகள்ல சீட் கிடைச்சு சேரலைன்னா கட்டின டெபாசிட் அம்பேல். பீடியாட்ரிக்ஸ் மட்டும் எழுதி அது கிடைக்கலைன்னா இன்னொரு வருஷம் நைட் டூட்டி டாக்டர் வேலை, பகல்ல படிப்பு. வீட்டுல தம்பி வேற பிளஸ் டூ!

எழும்பூர்: லிஸ்ட்ல நம்பர் ஒன்

ஹால்ஸ் ரோடுல இருக்கு குழந்தைகள் நல நிலையம். சென்னை மருத்துவக் கல்லூரியோட அங்கம். 800-க்கும் மேல படுக்கைகள். வாசல்ல ஃப்ளாஸ்க்கோட அப்பாக்கள், தோள்ல துண்டு போர்த்தின குழந்தையோட பாட்டிகள். தமிழ்நாட்டுல இல்லாத ஊர்ப் பேச்சே அங்கே இல்லை.

"இந்தத் துறையில அப்படி என்னக்கா இருக்கு?"ன்னு கேட்டேன். அக்கா ஒரு கணக்குப் போட்டாங்க. "14 கிலோ குழந்தை. வாய் வழியா எதுவும் கொடுக்க முடியலை. ஒரு நாளைக்கு எவ்வளவு டிரிப்ஸ்? முதல் 10 கிலோவுக்கு கிலோவுக்கு 100 மில்லி. அடுத்த 10 கிலோவுக்கு கிலோவுக்கு 50. அதுக்கு மேல 20. சொல்லு."

"ஆயிரம் பிளஸ் இருநூறு... 1,200 மில்லி!"

"இது அடிப்படைக் கணக்கு. டெங்குன்னா மாறும், இதயத்துல கோளாறுன்னா மாறும். பெரியவங்கன்னா கொஞ்சம் கூடக்குறைய இருந்தா உடம்பு தாங்கிக்கும். இங்கே ஒவ்வொரு மருந்தும் எடை பார்த்துத்தான். நோயாளிக்குப் பேசத் தெரியாது, அம்மா சொல்றதை வெச்சுக் கண்டுபிடிக்கணும். ஹவுஸ் சர்ஜனா இருந்தப்போ ஒரு குழந்தை ஃபிட்ஸ் வந்து சேர்ந்து, நாலாம் நாள் என் ஸ்டெத்தைப் பிடுங்கி வாயில வெச்சுக்கிச்சு. அன்னிக்கு முடிவு பண்ணினேன்டா."

அங்கேயே டீக்கடை பெஞ்சுல உட்கார்ந்து அப்பாவுக்கு போன் போட்டாங்க. "அப்பா, பீடியாட்ரிக்ஸ் மட்டும்தான் எழுதப் போறேன். எழும்பூர், செங்கல்பட்டுல ஆரம்பிச்சு திருநெல்வேலி, தூத்துக்குடி வரைக்கும். ஊர் எதுன்னாலும் போறேன்."

அந்தப் பக்கம் ரொம்ப நேரம் ஸ்பேனர் சத்தம் மட்டும். அப்புறம், "தூத்துக்குடின்னா முத்துநகர் எக்ஸ்பிரஸ்தானே? தாம்பரத்துலயே ஏறிக்கலாம்"னார் மனுஷன்!