பொட்டு வைத்த பிரிட்டானியா

பெட்டிக்குள் ஒரு சான்றிதழ். 1000-ல் 417 என்று எழுதி, கீழே யாரோ கையெழுத்துப் போட்டிருக்கிறார். நான் ஆம்பூரில் ஒரு டேனரியில் ஃபினிஷிங் பிரிவில் இருக்கிறேன். லைனிங் தோல் பார்க்க இங்கிலாந்திலிருந்து வந்துபோகும் பையர் ஒருவருக்கு என் ரயில் பைத்தியம் தெரிந்துபோய், ஓய்வு பெறுவதற்கு முன்னால் கடைசியாக வந்தபோது கொடுத்துவிட்டுப் போனார். பச்சை உடம்பு, கறுப்பும் ஆரஞ்சும் கோடுகள், பெயர்ப் பலகையில் பிரிட்டானியா, எண் 70000. அசல் 1951-ல் க்ரூ பணிமனையில் செய்தது. அந்த வகையில் மொத்தமே 55 இஞ்சின்கள். பொம்மை 1000, அசல் 55. எதை லிமிடெட் எடிஷன் என்பது?

*

சேகரிப்பவர்களின் சட்டம் எளிது. பெட்டி கிழியக்கூடாது. சான்றிதழ் மடியக்கூடாது. சக்கரத்தில் தண்டவாளம் பட்ட தடம் இருக்கக்கூடாது. பெயின்ட்டைத் தொட்டால் விலை பாதி. எண்ணை மாற்றினால் அதுவும் கிடையாது. 11 வருஷம் நான் அந்தச் சட்டப்படிதான் நடந்தேன். பீரோவின் மேல் தட்டில், அம்மாவின் கல்யாணப் புடவைக்குப் பக்கத்தில், நாப்தலின் உருண்டை வாசனையோடு இருந்தது இஞ்சின். புடவையையாவது வருஷத்துக்கு ஒருமுறை எடுத்து மடிப்பு மாற்றுவோம்.

*

வேலூரில் நாங்கள் இருக்கும் பாகாயத்தில் ரயில் கிடையாது. 1, 2 நம்பர் பஸ்தான் எங்களுக்கு எல்லாம். ஏறி உட்கார்ந்தால் மறுமுனை காட்பாடி. ரயில் பார்க்க வேண்டுமென்றால் வேலூர் கன்டோன்மென்ட். எண்பதுகளின் தொடக்கத்தில், எனக்கு எட்டு வயதிருக்கும், தீபத்துக்குத் திருவண்ணாமலை போனோம். மீட்டர் கேஜ், கரி இஞ்சின். கணியம்பாடி, கண்ணமங்கலம், ஆரணி ரோடு, போளூர். ஜன்னலில் தலையை நீட்டாதே என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். நீட்டினேன். கண்ணில் கரித்தூள் விழுந்தது. அம்மா முந்தானையைச் சுருட்டி, வாயால் ஊதிச் சூடாக்கி ஒத்தி எடுத்தாள். தீபத்தை ஒற்றைக் கண்ணால்தான் பார்த்தேன்.

திரும்பும்போது கடைத்தெருவில் சாவி கொடுக்கும் தகர ரயில் வாங்கித் தந்தார்கள். வட்டமான தண்டவாளம், மூன்று பெட்டி. அடுத்த வருஷக் கொலுவில், மணல் கொட்டி கேழ்வரகு முளைக்கவைத்த பார்க்கைச் சுற்றி அது ஓடியது. செட்டியார் பொம்மையின் கடைக்கு முன்னால்தான் ஸ்டேஷன். சாவி தீர்ந்து ரயில் நிற்கும் இடத்தில் எல்லாம் ஸ்டேஷன் வைக்க முடியாதே என்று நான் அழுததாக அக்கா இன்றும் சொல்லிச் சிரிப்பாள்.

*

அன்று எங்களை இழுத்த இஞ்சின் வகை ஒய்.பி. இதைப் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். முன்னால் நாலு சின்னச் சக்கரம், நடுவில் ஆறு பெரிய சக்கரம், பின்னால் இரண்டு. 871 கட்டினார்கள். ஆரம்பத்தில் வெளிநாட்டிலிருந்து வந்தவை. பிறகு பெரும்பகுதி ஜாம்ஷெட்பூரில் டெல்கோ செய்தது. எண்கள் 2-ல் தொடங்கும் நான்கு இலக்கம். அன்று கேபின் பக்கவாட்டில் அந்த எண்ணைக் கட்டாயம் பார்த்திருப்பேன். அந்த வயதில் பஸ் நம்பர்கூட விடமாட்டேன். ஆனால் நினைவில் இல்லை. கரித்தூள் எண்ணையும் சேர்த்து அழித்துவிட்டது.

*

மூன்று வருஷத்துக்கு முன், ஆயுத பூஜை. டேனரியில் பூஜை முடித்து, ஸ்பிரே மெஷினுக்கும் ஸ்கைவிங் மெஷினுக்கும் பொட்டு வைத்துவிட்டு, பொரி பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்தால், கூடத்தில் தையல் மெஷின், அரிவாள்மனை, என் பைக் சாவி, சுத்தியல், வரிசையில் கடைசியாகப் பிரிட்டானியா. நெற்றியில், அதாவது புகைப்பெட்டிக் கதவில், சந்தனம் குழைத்து மேலே குங்குமம். தலையில் ஒரு சாமந்தி.

“அம்மா, இது இன்னா பண்ணி வெச்சிருக்கற?”

“எல்லா இரும்பு சாமானுக்கும் வெச்சேன். இதுக்கு மட்டும் வெக்காம உட்டா நல்லாவா இருக்கும்?”

“அது பிளாஸ்டிக்குமா.”

“இஞ்சினுதானடா?”

பதில் இல்லை. மறுநாள் ஈரப் பஞ்சால் துடைத்தேன். சந்தனம் போனது. குங்குமம் போகவில்லை, கடையில் விற்கும் குங்குமத்தில் என்ன சாயம் கலக்கிறார்களோ, பளபளப்பு இல்லாத அந்தக் கறுப்புப் பெயின்ட்டுக்குள் இறங்கிப் பழுப்புச் சிவப்பாக நின்றுவிட்டது. சாயம் இறங்குவதைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்; முப்பது வருஷமாக அதுதான் என் வேலை.

அன்று ராத்திரி வருத்தமாக இருந்தது உண்மை. காலையில் ஒரு விடுதலை போல் இருந்ததும் உண்மை. இனி இதற்கு விலை கிடையாது. இனி இதை என்ன வேண்டுமானாலும் செய்யலாம். இதை ஒய்.பி. ஆக்குவது என்று அன்றைக்குத்தான் முடிவெடுத்தேன்.

*

கணக்கு. இங்கிலாந்து மாடல்களில் ஒரு பழைய பொய் இருக்கிறது. இஞ்சின் உடம்பு 76.2-ல் ஒரு பங்கு. தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர். பெருக்கிப் பார்த்தால் 1257 மில்லிமீட்டர் வரும். அங்கே அசல் தண்டவாளம் 1435. ஏழு அங்குலம் காணோம். அந்தக் காலத்து மோட்டார் பெரிது, இங்கிலாந்து இஞ்சின்கள் ஒல்லி. உடம்பைப் பெரிதாக்கினால்தான் மோட்டார் உள்ளே போகும். தண்டவாளத்தை மட்டும் ஐரோப்பிய அளவிலேயே விட்டுவிட்டார்கள். தலைமுறை தலைமுறையாக அந்தப் பொய்யின் மேல் எல்லோரும் சந்தோஷமாக ரயில் ஓட்டுகிறார்கள்.

அப்படியானால் நான் ஒரு பொய் சேர்த்துக்கொள்ளலாம். அதே 16.5 மில்லிமீட்டரை மீட்டர் கேஜ் என்று வைத்துக்கொண்டால், இஞ்சின் ஏறத்தாழ 60-ல் ஒரு பங்கு. ஒய்.பி.யின் பெரிய சக்கரம் 1372 மில்லிமீட்டர். 60-ல் ஒரு பங்கு அளவில் 23-க்குச் சற்றுக் குறைவு. பிரிட்டானியா பொம்மையின் சக்கரம் 24.7. இரண்டு மில்லிமீட்டர் அதிகம். சக்கர வரிசை ஒன்றுதான், சிலிண்டர் இரண்டும் வெளியே, ஓரத்து நடைபாதை சக்கரத்துக்கு மேலே உயரத்தில் ஓடுகிறது. முகஜாடை இருக்கிறது. பின்னால் கரி ஏற்றும் டெண்டரை நீட்ட வேண்டும், கேபினைப் புதிதாகக் கட்ட வேண்டும். இரண்டு மில்லிமீட்டரை மன்னித்துவிட்டேன்.

அளவு சுத்தமாக வேண்டும் என்பவர்களுக்கு 87-ல் ஒரு பங்கில் 12 மில்லிமீட்டர் தண்டவாளம் இருக்கிறது. நம் அகலப் பாதைக்காரர்கள் பாடுதான் மோசம்: 1676-ஐ 87-ஆல் வகுத்தால் 19.3 வரும். ஆயத்தமாக விற்கும் 16.5-ல் நிறுத்தினால் நம் அகலப் பாதை டபிள்யூ.பி. இஞ்சின் குறுகலான பெஞ்சில் உட்கார்ந்த பெரிய மனுஷர் மாதிரி இருக்கும்.

*

சாமான்கள். இந்த ஊரில் இருப்பதால் கிடைத்தவை:

ஊசி. பாகாயம் முழுக்க மருத்துவக் கல்லூரியை நம்பிய மெடிக்கல் ஷாப்கள். 26 கேஜ் ஊசியின் வெளிவிட்டம் அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு; 60 மடங்கில் ஒரு அங்குலத்துச் சொச்சம். பாய்லர் மேல் ஓடும் சன்னக் குழாய்க்கு இதைவிட நல்லது கிடைக்காது. புது ஊசி வாங்கி, முனையை அரைத்து மழுக்கி, நெருப்பில் காட்டிச் சிவக்கவைத்து ஆறவிட்டால் வளையும். முதல்முறை ஒரு பெட்டி ஊசி கேட்டபோது கடைக்காரப் பையன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். இஞ்சின் படத்தைக் காட்டினேன். இன்னும் ஒரு மாதிரி பார்த்தான்.

தோல். ஆட்டு லைனிங் தோலின் வெட்டுத்துண்டை ஸ்கைவிங்கில் 0.3 மில்லிமீட்டருக்குச் சீவினால் காகிதம் போல் மடியும். பின்னால் மாட்டும் ரயில் பெட்டிகளுக்கு நடுவில் இருக்கும் மடிப்புத் திரை அதில்தான் செய்தேன். கேபின் கூரையிலிருந்து டெண்டர் வரை வெயிலுக்குக் கட்டும் படுதாவும் அதுதான். தோல் வேலை பார்த்து இத்தனை வருஷத்தில் இத்தனை சின்ன ஆர்டர் வந்ததில்லை.

ஃபினிஷ். தண்ணீரில் கலக்கும் மேட் டாப்கோட் தோலுக்கு அடிப்பது. பிளாஸ்டிக்கில் அருமையாக உட்காருகிறது. கறுப்பு பிக்மென்டில் ஒரு சொட்டுப் பழுப்பு சேர்க்க வேண்டும். சுத்தக் கறுப்பு பொம்மைக் கறுப்பு. ஓடுகிற இஞ்சினில் அந்தக் கறுப்பைப் பார்க்க முடியாது. வெள்ளைக் கோடும் வேண்டும். உப்புத் தண்ணீர் கசிந்து காய்ந்த இடத்தில் பாய்லர் மேல் வெள்ளையாக வழிந்திருக்கும். அதற்கு மாதிரி தேடி எங்கும் போக வேண்டாம், எங்கள் வீட்டு வாளியின் விளிம்பைப் பார்த்தால் போதும்.

கரி. இஸ்திரிக்காரரிடம் கரி வாங்கி உடைத்து டெண்டரில் கொட்டினேன். பார்க்கச் செத்துக் கிடந்தது. மரக்கரி வேறு, நிலக்கரி வேறு. நிலக்கரிக்கு உடைந்த முகத்தில் ஒரு மினுமினுப்பு உண்டு. பழைய லைன் ஓரத்தில் பொறுக்கிவைத்த ஒரு துண்டு அக்கா வீட்டு மாடத்தில் கிடந்தது. அதைத் தட்டிப் போட்டேன்.

*

செய்யக்கூடாதது: எண் 70000-ஐ அழிக்க, டேனரியில் லாக்கர் பூச்சுக்குப் போடும் தின்னரை எடுத்தேன். தோலில் எத்தனையோ தடவை துடைத்திருக்கிறேன் என்ற திமிர். எண் போனது. எண்ணோடு கேபினின் இடது சுவரும் இளகி, உருகிய வெல்லப் பாகு மாதிரி நூல் இழுத்தது. அந்தத் தின்னர் பிளாஸ்டிக்கைக் கரைக்கும் என்பது பத்தாம் வகுப்புப் பையனுக்குத் தெரியும். வலது பக்கத்துக்குச் சர்ஜிக்கல் ஸ்பிரிட், காது குடையும் பஞ்சு, பொறுமை. முக்கால் மணி நேரத்தில் எண் மட்டும் போனது. எப்படியும் புதுக் கேபின் கட்டப்போகிறேன் என்று சொல்லித் தேற்றிக்கொண்டேன்.

*

நல்ல சாமானைக் கெடுத்துவிட்டாய் என்கிறார் சென்னையில் இருக்கும் நண்பர். அவரிடம் 40 பெட்டிகள், எதுவும் பிரிக்காதவை. அவருக்கு நான் சொன்னது: அசல் இஞ்சினை யார் சும்மா விட்டார்கள்? 1947-ல் அமெரிக்காவில் பால்ட்வின் கம்பெனி முதல் டபிள்யூ.பி.களைச் செய்து அனுப்பியபோது கூம்பு மூக்கோடுதான் வந்தன. நம் டிரைவர்கள் அந்த மூக்கில் நட்சத்திரம் வைத்தார்கள், புகைபோக்கியைச் சுற்றிக் கிரீடம் வைத்தார்கள், பித்தளைப் பட்டை கட்டித் தினமும் தேய்த்தார்கள். ஒரே இஞ்சின் ஒரே டிரைவர் கையில் இருந்த காலம். வீட்டுத் திண்ணைக்குக் காவி அடிப்பது மாதிரி அது. ஆயுத பூஜை அன்று ஷெட்டில் நிற்கும் ஒவ்வொரு இஞ்சினுக்கும் வாழைக்கன்று, மாலை, சந்தனம், குங்குமம். அம்மா செய்ததும் அதேதான். தொழிற்சாலையிலிருந்து வந்த மாதிரியே ஒரு இஞ்சின் இருந்தால் அது வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.

நண்பர் கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டார். அடுத்த வாரம் 41-ஆவது பெட்டி வாங்கினாராம்.

*

அவர் வாங்கட்டும், ஆனால் வாங்குவதும் லேசில்லை. பொம்மைக்கான சுங்க வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-ல் 70. முறையாக வரவழைத்தால் சுங்க வரி மட்டுமே முக்கால் இஞ்சின் விலை. உள்நாட்டுப் பொம்மைத் தொழில் பிழைக்க வேண்டும், சரி. ஆனால் உள்நாட்டில் ஒரு ஒய்.பி. செய்து விற்றால் வரிசையில் முதல் ஆளாக நிற்பேன்.

*

உண்மையான லிமிடெட் எடிஷன் பார்க்க வேண்டுமென்றால் மேட்டுப்பாளையம் போக வேண்டும். நீலகிரி மலை ரயிலுக்கென்றே ஸ்விட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்த எக்ஸ் வகை: 1914 தொடங்கி 12, பிறகு 1952-ல் 5. மொத்தம் 17. நாலு சிலிண்டர், இரண்டு சாதாரணச் சக்கரத்துக்கு, இரண்டு நடுவில் ஓடும் பல் தண்டவாளத்தைக் கடிக்கும் சக்கரத்துக்கு. ஏறத்தாழ பன்னிரண்டு அடிக்கு ஒரு அடி ஏற்றத்தில் பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போகும். பழையவை தேய்ந்தபோது, இந்த நூற்றாண்டில், திருச்சி பொன்மலைப் பணிமனை அதே வகையில் புதிதாக நீராவி இஞ்சின் கட்டியது. கரிக்குப் பதில் எண்ணெய் எரிகிற மாதிரி மாற்றியும் கட்டினார்கள். அதாவது அசலையே கஸ்டமைஸ் செய்தார்கள், யாரும் சான்றிதழ் கேட்கவில்லை.

பெரம்பூரும் சளைத்ததல்ல. 1855-இல் லீட்ஸில் செய்த இ.ஐ.ஆர். 21 என்ற இஞ்சின் பல பத்தாண்டுகள் காட்சிப்பொருளாக நின்றது. பெரம்பூர் லோகோ பணிமனை 2010-ல் அதைப் பிரித்துச் சீர்செய்து மறுபடி ஓடவிட்டது. 155 வருஷத்து இஞ்சினைத் தொடலாம் என்றால் என் 417-ஐயும் தொடலாம்.

*

இப்போதைய நிலவரம். உடம்பு கறுப்பு. கேபின் முடிந்தது, இடது சுவர் இரண்டாம் முறை. டெண்டர் நீண்டாயிற்று. படுதா கட்டியாயிற்று. புகைப்பெட்டிக் கதவைத் தொடவில்லை. அந்தச் சிவப்பு அங்கேயே இருக்கட்டும் என்று சுற்றிலும் டேப் ஒட்டி ஸ்பிரே அடித்தேன். அம்மாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. விரலால் தடவிப் பார்த்து, “புகபோக்கி சின்னதா கீதே” என்றாள். சரிதான். கழற்றி மாற்றினேன்.

மிச்சம் இருப்பது எண். 2, அதற்குப் பின் மூன்று இலக்கம். கேபினின் இரண்டு பக்கமும் வெறுமையாக இருக்கிறது. அருங்காட்சியகத்தில் நிற்கும் ஏதாவதொரு ஒய்.பி.யின் எண்ணைப் போட எனக்கு மனமில்லை. இந்த லைனில் ஓடியதன் எண்தான் வேண்டும். எண்பதுகளின் தொடக்கத்தில் வேலூர் கன்டோன்மென்ட்டிலோ கண்ணமங்கலத்திலோ போளூரிலோ, தீபத்துக்குப் போகும்போதோ கல்யாணக் கோஷ்டியை வழியனுப்பும்போதோ எடுத்த போட்டோ உங்கள் வீட்டு ஆல்பத்தில் இருந்தால், ஆட்களுக்குப் பின்னால் இஞ்சின் நிற்கிறதா என்று கொஞ்சம் பாருங்கள். எண் தெரிந்தால் எழுதுங்கள்.