பவுடர் அல்ல

ஓய்வு பெற்ற மறுமாதம் மீனம்பாக்கம் பக்கம் ஒரு வேலையாகப் போனவன், பழைய ஆபீஸில் எட்டிப் பார்த்தேன். என் நாற்காலியில் இப்போது உட்காரும் பையன் ஏர்வே பில் அடித்துக்கொண்டிருந்தான். சரக்கு விவரத்தில் ‘பவுடர்’ என்று இருந்தது.

“என்ன பவுடர்ப்பா?”

“அஸ்தி சார். உள்ளபடி போட்டா ஆயிரம் கேள்வி வரும்.”

31 வருஷம் இந்த வேலை பார்த்தவனுக்கு வயிறு எரியாதா? அஸ்தி என்று எழுதி, மரணச் சான்றிதழும் தகனச் சான்றிதழும் வைத்தால் சுங்கக்காரன் காகிதத்தைப் பார்ப்பான், விட்டுவிடுவான். பவுடர் என்று எழுதினால் பெட்டியைத்தான் திறப்பான். யாரும் திறக்க வேண்டிய அவசியமே வராதபடி கட்டி அனுப்புவதுதான் எங்கள் தொழில். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

அதனால்தான் பித்தளைச் சொம்பு வேண்டாம் என்று வீட்டாரிடம் மல்லுக்கட்டுவேன். உலோகத்துக்குள் எக்ஸ்ரே சரியாகப் பாயாது, சந்தேகம் வரும். மண் கலயம் என்றால் பாயும், ஆனால் கழுத்தில் விரிசல் விடும். சுற்றிலும் வைக்கோல் திணிக்கலாம் என்பார்கள். வைக்கோல், மாலை, அட்சதை எதைக் கண்டாலும் பல நாடுகளில் தாவர நோய்த் தடுப்புக்காரர்கள் பெட்டியை நிறுத்திவிடுவார்கள். மரப்பெட்டிக்கு 56 டிகிரியில் 30 நிமிஷம் சூடேற்றிய முத்திரை வேண்டும். பிளைவுட்டுக்கு அது வேண்டாம். பையனுக்கு இதெல்லாம் தெரியும், செய்யத்தான் சோம்பல்.

தெரியாத ஒன்று உண்டு. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது.

1996-இல் விசா சிக்கலில் ஊருக்கு வர முடியாத ஒரு பிள்ளைக்கு அவன் அப்பாவின் அஸ்தியை அமெரிக்காவுக்கு அனுப்பினேன். தம்பிக்காரர் காலையில் பால் தெளித்து எலும்பு பொறுக்கி, நேராக என்னிடம் கொண்டுவந்தார். பாலிதீன் பையில் போட்டு, வாயை உருக்கி ஒட்டி, கலயத்தில் இறக்கி, அன்று மாலையே விமானம் ஏற்றிவிட்டேன். கெட்டிக்காரத்தனம் என்று நினைப்பு. அஞ்சாம் நாள் போன் வந்தது. அந்தப் பிள்ளை கோபமாகப் பேசவில்லை. “சார், அப்பாகிட்டேருந்து ஏன் புளிச்ச வாடை வருது?” என்றுதான் கேட்டான். பாலின் ஈரம் பைக்குள்ளேயே திரிந்திருக்கிறது. எனக்கு ஒரு வாய்ச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் கண்ணம்மாபேட்டை மயானத்துக்குப் போனேன். அங்கே வேலை பார்த்த பெரியவரை ஊரே வெட்டியான் என்றுதான் கூப்பிடும். நான் அண்ணே என்றேன். நிமிர்ந்து பார்த்தார். விஷயத்தைச் சொன்னதும், “ஈரத்தோட கட்டினியா தம்பி?” என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அடுத்து அனுப்ப வந்த அஸ்தியோடு போனபோது, கோடித்துணியை நிழலில் விரித்து எலும்பை ஒவ்வொரு துண்டாகப் பரப்பச் சொன்னார். வெயிலில் வைத்தால் மேலே காயும், உள்ளே ஈரம் நிற்கும். அரை நாள் கழித்து இரண்டு துண்டுகளை எடுத்து ஒன்றோடொன்று மெல்லத் தட்டினார். சொத்தென்று கேட்டது. “இன்னும் இருக்கு.” சாயங்காலம் மறுபடி தட்டினார். ஓட்டுச் சில்லை ஓட்டுச் சில்லில் தட்டினாற்போல் கணீரென்றது. “இப்பக் கட்டு.” அதற்கு ஈடான கருவியை இன்றுவரை நான் பார்க்கவில்லை.

கட்டும்போது இன்னொன்றும் சொன்னார். கால் எலும்பில் தொடங்கித்தானே பொறுக்குகிறோம்? அதே வரிசையில் கலயத்தில் இறங்க வேண்டும். கால் அடியில், மண்டையோடு மேலே. “உக்காந்த மாதிரி போவணும். தலைகீழா அனுப்பிடாதே.” அன்றிலிருந்து பெட்டியின் நாலு பக்கமும் மேல்நோக்கி அம்புக்குறி நானே மையால் போடுவேன். உடையும் சாமான் என்று லோடர்கள் நினைத்துக்கொள்வார்கள். நினைக்கட்டும்.

அவருக்கு நான் கொடுத்தது ஒரு வேட்டியும் நூறு ரூபாயும். அவர் பெயரை எந்த ஆபீஸ் கையேட்டிலும் நான் எழுதி வைக்கவில்லை. அந்தக் குறை எனக்கு உண்டு.

அமெரிக்கத் தபால்துறை 2025 மார்ச் 1 முதல், தான் கொடுக்கும் தனிப்பெட்டியில் வைத்தால்தான் அஸ்தியை வாங்குகிறது. உள்ளே இருப்பது அஸ்தி என்று பெட்டியின் மேலேயே பெரிதாக அச்சடித்திருக்கிறது. அவர்களுக்கு அதை எழுதக் கூச்சமில்லை. நாம்தான் பவுடர் என்று ஒளிக்கிறோம். சான்றிதழ்களையும் அனுப்புமுன் யாரும் ஒத்துப் பார்ப்பதில்லை. ஒன்றில் இனிஷியல், மற்றொன்றில் அப்பா பெயரை முழுசாக விரித்து. கலயம் சுங்கத்தில் நாள்கணக்கில் கிடப்பது இப்படித்தான்.

ஏர்வே பில்லைத் திருத்த வைத்துவிட்டுத்தான் கிளம்பினேன். வாசல்வரை வந்த பையன் கேட்டான்: “கேஸ் அடுப்புல எரிச்சா எல்லாம் கலந்துதானே சார் வருது? அப்புறம் அம்பு எதுக்கு?”

நியாயமான கேள்விதான். பதில் சொல்ல வாய் வரவில்லை. உள்ளே போய் அவன் கட்டிவைத்திருந்த பெட்டியைப் பார்த்தேன். மையெல்லாம் இல்லை, ஸ்டிக்கர். மூன்று மேலே பார்த்தன. ஒன்று பக்கவாட்டில். உரித்து நேராக ஒட்டிவிட்டு வந்தேன்.