சேனா பதக்கம் சொல்லும் சேதி

புனிதா அரோரா... 2004-ல் லெப்டினன்ட் ஜெனரல் ஆன முதல் இந்தியப் பெண். புனே ராணுவ மருத்துவக் கல்லூரிக்கும் அவர்தான் தலைவர். 2005-ல் கடற்படைக்கு மாறி, சர்ஜன் வைஸ் அட்மிரல் ஆனார். தரைப்படையிலிருந்து கடற்படைக்கா? முப்படைக்கும் மருத்துவ சேவை பொது என்பதால் அது முடியும்.

லாகூரில் பிறந்தவர். பிரிவினையில் குடும்பம் சஹாரன்பூருக்கு வந்தது. மகப்பேறு மருத்துவரான அவர் 36 ஆண்டு சர்வீஸில் வாங்கியவை 15 பதக்கங்கள். ராணுவ மருத்துவமனைகளில் எண்டோஸ்கோப்பி, புற்றுநோய் சிகிச்சை வசதிகளைக் கொண்டுவந்ததற்கு விசிஷ்ட சேவா பதக்கம். பரம் விசிஷ்ட சேவா பதக்கமும் உண்டு.

எனக்குப் பெரிதாகத் தெரிவது சேனா பதக்கம்தான். 2002 மே 14 அன்று ஜம்மு அருகே காலுசக்கில் ராணுவக் குடியிருப்பில் புகுந்து தீவிரவாதிகள் சுட்டார்கள். பாதிக்கப்பட்டவர்களுக்கு உரிய நேரத்தில் உதவியதற்குக் கிடைத்தது அது.

உரிய நேரம் என்றால் என்னவென்று எங்கள் விருதுநகர் மாவட்டத்துக்குத் தெரியும். 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டியை இங்கே யாரும் மறக்கவில்லை. பட்டாசு ஆலை விபத்து என்றால், டெஸ்க்கில் நாங்கள் பலி எண்ணிக்கையைத்தான் மாற்றிக்கொண்டே இருப்போம். பிழைத்தவர்களை 108-ல் ஏற்றிவந்தவர், தீக்காய வார்டில் விடிய விடியக் கட்டுப்போட்ட நர்ஸ், இவர்கள் யாரும் செய்தியில் வருவதில்லை.

சுதந்திர தின விழாவில் கலெக்டர் நற்சான்றிதழ் கொடுப்பார். அந்த மேடையில் முதலில் கூப்பிட வேண்டியது இவர்களைத்தான்.