கிரைண்டர் கடன்

கிரைண்டர் என்று சொன்னதும் உங்களுக்கு மாவு ஆட்டுவதுதானே ஞாபகம் வரும்? எங்கள் வீட்டிலும் அதே கதைதான். "ஒரு கிரைண்டர் ரிப்பேருக்குக் கடன் கொடுக்கிறேன்" என்றதும், "அதுக்கெல்லாமா பேங்குல கடன் தர்றீங்க?" என்று கேட்டாள் வீட்டுக்காரி. இது அந்தக் கிரைண்டர் இல்லீங்க. சர்ஃபேஸ் கிரைண்டர். இரும்புத் துண்டை காந்தப் பலகையில் படுக்க வைத்து, மேலே சுற்றும் கல்லுக்கு அடியில் இப்படியும் அப்படியும் ஓட்டி, மேல்பக்கத்தை மட்டமாகத் தேய்த்து எடுக்கிற மெஷின்.

ராஜ்கோட்டுக்கு மாற்றலாகி வந்தபோது எனக்கு இதெல்லாம் ஒன்றும் தெரியாது. பி.காம். படித்தவனுக்கு மைக்ரானும் ஒன்றுதான், மைசூர்பாகும் ஒன்றுதான் :-). ஆனால் இந்த ஊரில் டீசல் என்ஜின், பேரிங், ஃபோர்ஜிங் என்று தடுக்கி விழுந்தால் ஒரு பட்டறை. அந்தப் பட்டறைக்காரர்கள்தான் எங்கள் கிளையின் வாடிக்கையாளர்கள். காது தானாகப் பழகிவிட்டது.

2024 தீபாவளிக்கு ஒரு மாதம் முன்னால், பஞ்ச் - டை தகடுகளைக் கிரைண்டிங் செய்து கொடுக்கும் ஒரு பையன் வந்தான். பையன் என்றாலும் முப்பத்திரண்டு வயசு, இரண்டு குழந்தைகள். அப்பா இறந்தபிறகு பட்டறையை இவன் பார்க்கிறான். அப்பாவின் ஆஸ்பத்திரிக் கடனும் தலையில் இருந்தது. பட்டறையின் உயிரே ஹெச்எம்டி அஜ்மீர் தொழிற்சாலையில் செய்த ஒரு பழைய மெஷின்தான். அதில் ஓட்டிய தகடுகளை வாடிக்கையாளர்கள் திருப்பி அனுப்ப ஆரம்பித்திருந்தார்கள். 300 மில்லிமீட்டர் தகட்டில் ஒரு முனைக்கும் இன்னொரு முனைக்கும் 28 மைக்ரான் வித்தியாசம். தலைமுடியின் கனத்தில் பாதிகூட இல்லை. ஆனால் அவர்கள் கேட்பது 5 மைக்ரானுக்குள். புது மெஷினுக்கு 14 லட்சம் கொட்டேஷனோடு வந்து உட்கார்ந்தான்.

வங்கிக்காரன் பார்வையில் அது நல்ல கடன். புது மெஷின், புது பில், ஈடு கண்முன்னால் நிற்கும், எங்கள் டார்கெட்டும் நிறையும். நான் கணக்குப் போட்டேன். 25 சதவீதம் அவன் கைப்பணம் போட்டாலும் மீதி பத்தரை லட்சத்துக்கு, 11 சதவீத வட்டியில், ஐந்து வருஷத்துக்கு மாதம் சுமார் 22,800 ரூபாய். எல்லாச் செலவும் போக அவன் கையில் நிற்பதே முப்பதாயிரம். குழந்தைகள் என்ன சாப்பிடும்?

"வேற வழி இல்லையா பாய்?" என்று கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னான். அப்பா காலத்து மிஸ்திரி ஒருவர் இருக்கிறார், ஸ்லைடைக் கையாலேயே சுரண்டிச் சரி பண்ணலாம் என்கிறார், இரண்டரை லட்சம் ஆகும், ஆனால் பேங்க் இதற்கெல்லாம் தராது என்று எல்லோரும் சொல்கிறார்கள் சாஹேப் என்றான்.

எல்லோரும் சொன்னதில் நியாயம் இருக்கிறது. புத்தகத்தில் அந்த மெஷினுக்கு மதிப்பே கிடையாது. வருமான வரிக் கணக்குப்படி வருஷம் 15 சதவீதம் தேய்மானம் கழித்தால், ஒரு லட்ச ரூபாய் மெஷின் 40 வருஷத்தில் 150 ரூபாய்க்கு வந்து நிற்கும். ஒரு பிளேட் காண்ட்வி, ஒரு டீ! கடன் வாராமல் போனால் அதை பங்கார் கடையில் எடைக்குத்தான் போட வேண்டும்.

அதனால் நேரில் பார்க்கப் போனேன். அந்தப் பெரியவரை எல்லோரும் காகா என்கிறார்கள். அறுபத்தெட்டு வயசு, தடிமனான கண்ணாடி. மேஜையைச் செயின் புல்லியில் தூக்கிவிட்டு அடியில் இருந்த தடங்களைக் காட்டினார். ஒரு பக்கம் V வடிவப் பள்ளம், இன்னொரு பக்கம் தட்டையான பட்டை. இவற்றின் மேல்தான் மேஜை ஓடுகிறது. கல்தூசியைத் துடைக்க வேண்டிய ஃபெல்ட் காய்ந்து ஓடாகிவிட்டது. தூசி எண்ணெயோடு கலந்து, வருஷக்கணக்காக உப்புத்தாள் மாதிரி தேய்த்திருக்கிறது. சின்னச் சின்ன வேலைகளையே நடுவில் வைத்து ஓட்டியதால் நடுவில்தான் தேய்மானம் அதிகம், 40 மைக்ரான்.

"நடுவுல குழி விழுந்திருந்தா அதை நிரப்பிட வேண்டியதுதானே?" என்றேன். காகா சிரித்தார். குழியை நிரப்ப முடியாது சாஹேப், சுற்றியுள்ள மேட்டையெல்லாம் குழி அளவுக்கு இறக்க வேண்டும் என்றார். மேஜையின் அடியில் ஒட்டுகிற நீலப்பச்சை பிளாஸ்டிக் பட்டை ஒன்று வருகிறதாம். டர்சைட் என்பார்கள். வழுக்கிக்கொண்டு ஓடும், இறங்கிய உயரத்தையும் ஈடுகட்டும். ஆனால் கிரைண்டிங் மெஷினில் அவருக்கு அது பிடிக்கவில்லை. மெத்தென்ற பட்டையில் கல்தூசி பதிந்துகொண்டால் கீழே உள்ள இரும்பை அரம் மாதிரி அறுக்கும் என்றார். தேய்ந்தது வெறும் 40 மைக்ரான், அதற்கு எதற்குப் பட்டை என்பது அவர் கட்சி.

கடனைச் சிபாரிசு செய்தேன். இரண்டு லட்சம், மூன்று வருஷம், மாதம் சுமார் 6,550. மெஷினின் மதிப்பை நம்பிக் கொடுக்க முடியாது என்பதால் சிஜிடிஎம்எஸ்இ உத்தரவாதத்தில் போட்டேன். மண்டல அலுவலகத்திலிருந்து, "பழைய இரும்பைச் சுரண்ட இரண்டு லட்சமா?" என்று ஒரு போன். ஆமாம் சார், அதுக்குத்தான் என்றேன். பட்டயப் பொறியாளர் சான்றிதழ் வேண்டும், வேலை முடிந்தபின் அளவு எடுத்துக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு அனுமதி வந்தது.

தீபாவளி விடுமுறையில் பட்டறை மூடியிருக்கும்போதே வேலை தொடங்கியது. லாப பாஞ்சம் அன்று பூஜை போட்டு மெஷினை ஓட்ட வேண்டும் என்று பையனுக்கு ஆசை. காகா காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. முதல் இரண்டு நாள் மட்டம் பார்ப்பதிலேயே போனது. மீட்டருக்கு 0.02 மில்லிமீட்டர் சாய்ந்தாலே காட்டிவிடும் ரசமட்டம். அதை வைத்து, எடுத்து, அடியில் ஆப்பைத் தட்டி, மறுபடி வைத்து... "குமிழியைப் பார்க்க நாள் கூலியா சாஹேப்?" என்று பையன் என்னிடம் புலம்பினான். முறுக்கி நிற்கிற படுகையை நேராகச் சுரண்டினால், பிறகு போல்ட்டைத் தளர்த்தும்போது அது திரும்பக் கோணிக்கொள்ளும். காகா இதைச் சொல்லவில்லை, சான்றிதழுக்கு வந்த பொறியாளர்தான் விளக்கினார்.

அப்புறம் ஆரம்பித்தது புளூ மேட்சிங். நேர்ப்பட்டையில் நீலச் சாயத்தை மிக மெல்லிசாகப் பூசி, தடத்தின் மேல் வைத்து லேசாக நகர்த்துவார். மேடாக இருக்கும் இடத்தில் மட்டும் நீலம் ஒட்டும். அந்த நீலத்தை மட்டும் கார்பைடு முனைச் சுரண்டியால், இடுப்பை அண்டக்கொடுத்து, ஒரு தள்ளு. சில மைக்ரான் தூளாக வரும். துடைப்பார், மறுபடி நீலம், மறுபடி தள்ளு, இந்தமுறை குறுக்குவாட்டில். காலை ஆறு மணிக்கு ஆரம்பித்து, தகரக் கூரையில் வெயில் ஏறுவதற்குள் நிறுத்திவிடுவார். மீட்டர் நீள வார்ப்பிரும்பு ஒரு டிகிரி சூட்டுக்கே பத்து மைக்ரானுக்கு மேல் நீளும். மேல்பக்கம் மட்டும் சூடானால் நேர்ப்பட்டையே வளைந்துவிடும். அதனால் அதை வெறுங்கையால் தொடவிட மாட்டார்.

எனக்கு எங்கள் ஊரில் தெருத்தெருவாக வரும் அம்மி கொத்துகிறவர் ஞாபகம்தான் வந்தது. வழவழவென்று தேய்ந்த அம்மியில் மசாலா அரைபடாது, கொத்தி விடுவார். இங்கே நோக்கம் நேர்மாறு. ஆனால் வழவழப்பு ஆகாது என்பது மட்டும் ஒன்று. கண்ணாடி மாதிரி இரண்டு பரப்பும் இருந்தால் ஒட்டிக்கொண்டு இழுக்குமாம். புள்ளிகளுக்கு நடுவே உள்ள நுண்ணிய பள்ளத்தில் எண்ணெய் தங்க வேண்டும். ஓர் அங்குலச் சதுரம் வெட்டிய அட்டையைத் தடத்தில் வைத்து நீலப் புள்ளிகளை எண்ணச் சொன்னார். நான் 17 என்றேன். அவர் 19 என்றார். பி.காம்.காரன் எண்ணிக்கையில் தோற்றது அன்றுதான்!

படுகை முடிந்தபின் அதையே அளவுகோலாக வைத்து மேஜையின் அடியையும் சுரண்டினார். லாப பாஞ்சம் போய்விட்டது. மொத்தம் 19 நாள். இரண்டு ஆர்டர் கைவிட்டுப் போனதாகப் பையன் சொன்னான். என் தூக்கமும் கொஞ்சம் போனது உண்மை.

கடைசி நாள் நானும் இருந்தேன். முதலில் காந்தப் பலகையையே அந்த மெஷினின் கல்லால் தேய்த்துச் சமமாக்கினார்கள். பிறகு நான்கு மூலைக்கு ஒன்று, நடுவில் ஒன்று என்று ஐந்து துண்டுகள் வைத்து, ஒரே ஓட்டில் கிரைண்டிங். எடுத்துத் துடைத்து, சூடு ஆறும்வரை அரைமணி நேரம் யாரும் பேசவில்லை. பொறியாளர் ஒவ்வொன்றாக அளந்தார். பெரியதுக்கும் சிறியதுக்கும் வித்தியாசம் 4 மைக்ரான். பையன் எழுந்து வெளியே போய்விட்டான். காகா, புது ஃபெல்ட் போட்டாயா, ஸ்லைடுக்குரிய 68 நம்பர் எண்ணெய்தானே ஊற்றினாய் என்று வேலைக்காரப் பையனை அதட்டிக்கொண்டிருந்தார்.

சான்றிதழில் மீதி ஆயுள் என்ற கட்டத்தில் பொறியாளர் 8 வருஷம் என்று எழுதினார். தவணை இதுவரை ஒன்றுகூடத் தவறவில்லை.

போன மாதம் இன்னொரு பட்டறைக்காரர் இதே வேலைக்குக் கடன் கேட்டு வந்தார். காகாவுக்குக் கண்ணில் புரை, ஆபரேஷன் முடிந்து டாக்டர் சொல்லும்வரை சுரண்டியைத் தொடமாட்டாராம். வேறு யாராவது செய்வார்களா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். ஃபைல் என் மேஜையில்தான் இருக்கிறது.