அழிக்கச் சொன்ன கரும்புள்ளி



சில ஆண்டுகளுக்கு முன், நான்காம் ஆண்டு மாணவர்களிடம் பச்சைப்பயறுச் செடியை நாள்தோறும் பார்த்து வரையும்படி பணித்திருந்தேன். ஒரு மாணவன் தன் படத்தில் இலையோரம் ஒரு கரும்புள்ளி இட்டிருந்தான். "பாடநூலில் இப்படி இல்லையே, அழித்துவிடு" என்றேன். அழித்தான். மறுவாரம் வகுப்பிலிருந்த செடிகள் பலவும் இலை கருகி வாடின. நோய் என்று தொடங்கியது என மாணவர்கள் வினவினர். விடையிருந்த ஒரே தாளை அழிக்கச் சொன்னவன் நான்.

அண்மையில் வானியல் செய்தி ஒன்றைப் படித்தபொழுது அந்தப் புள்ளி மீண்டும் நினைவுக்கு வந்தது.

1994 சூலை 16 முதல் 22 வரை, சூமேக்கர்-லெவி 9 என்னும் வால்வெள்ளியின் துண்டுகள் வியாழன் கோளில் அடுத்தடுத்து மோதின. மோதிய இடங்களில் எழுந்த கருந்தழும்புகள் சிறிய தொலைநோக்கியிலும் தெரிந்தன. அப்படியாயின், முற்காலத்திலும் இத்தகைய மோதல் நிகழ்ந்திருந்தால், அன்றைய வானியலாளர்கள் வரைந்த படங்களில் அதன் சுவடு இருக்க வேண்டும் அல்லவா? ஒளிப்படக் கருவி இல்லாத காலத்தில் கண்ணும் கையுமே பதிவுக்கருவிகள்.

அவ்வாறு பழைய படங்களைத் தேடியவருள் ஒருவர் சப்பானிய வானியல் ஆர்வலர் இச்சி தாபே. பாரிசு வானாய்வகத்தில் பணியாற்றிய காசினி 1690 திசம்பரில் வரைந்த வியாழன் படங்கள் அவர் கண்ணில் பட்டன. திசம்பர் 5 முதல் 23 வரை, 18 நாள்களில் ஒரு கரும்புள்ளி மெல்ல மெல்லப் பக்கவாட்டில் நீண்டு உருமாறுவதை அவை காட்டின. வியாழனில் அகலாங்குதோறும் காற்றின் வேகம் வேறுபடுவதால், 1994-இன் தழும்புகளும் அவ்வாறே இழுபட்டுச் சிதைந்தன. தாபேயும் உடன் ஆய்வாளர்களும் 1997-இல் இதனை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டனர்.

இது மோதலின் தழும்பாக இருக்கக்கூடும் என்பதே அவர்தம் கருத்து. முற்ற முடிந்த முடிபன்று. எனினும், வால்வெள்ளி ஒன்று கோளில் மோதுவதை எவரும் கண்டிராத காலத்தில், காரணம் அறியாமலே காசினி கண்டதை நாளிட்டு வரைந்து வைத்தார். முந்நூறு ஆண்டுகள் கழித்து வினா எழுப்ப அதுவே போதுமானதாயிற்று.

இப்பொழுதெல்லாம் என் வகுப்பில், கண்டதை வரைந்து நாளும் நேரமும் குறித்த பின்னரே காரணம் தேடுகிறோம். ஆசிரிய நண்பர்களே, மாணவரின் படத்தைத் திருத்துமுன் அவர் பார்த்த பொருளை நாமும் ஒருமுறை பார்த்துவிடுவோம்.

அம்மாணவன் இன்று இடைநிலைப்பள்ளியில் பயில்கிறான். அண்மையில் சந்தித்தபொழுது அந்நிகழ்வைக் கூறி வருத்தம் தெரிவித்தேன்.

"எந்தப் புள்ளி, சார்?" என்றான்.

அவன் நினைவிலும் அது இல்லை.