பீரோ மேல் கிடந்த லேப்டாப்பும் அம்மாவின் பாட்டு பென் டிரைவும்!

விருதுநகர் மாவட்டத்தில் ஒரு சிற்றூர். தையல் மெஷினுக்குப் பக்கத்தில் இருக்கும் பீரோ மேல், பழைய சேலையில் சுற்றிய லேப்டாப் ஒன்று இரண்டு வருடங்களாகக் கிடந்தது. மகள் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப் அது. ஆன் செய்தால் கம்பெனி லோகோ வரும். பிறகு கறுப்புத் திரையில், ஆபரேட்டிங் சிஸ்டம் இல்லை என்று ஒற்றை வரி. அவ்வளவுதான்.

கடையில் காட்டியபோது, "ஃபார்மேட் பண்ணிடலாம்மா. ஆனா, உள்ளே இருக்கிறதெல்லாம் போயிடும்" என்றார்கள். அம்மா ஒன்றும் பேசாமல் லேப்டாப்பை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். காரணம், அதற்குள் அப்பா இருந்தார். மகள் விளையாட்டாக வெப்கேமராவில் எடுத்த வீடியோ. அப்பா இறந்த பிறகு, அவர் குரல் மிச்சம் இருந்த ஒரே இடம் அதுதான்.

இந்தப் பொங்கலுக்கு கோவையிலிருந்து வந்த மகள், லேப்டாப்பைக் கீழே இறக்கினாள். "வேணாம்டி, இருக்கிறதும் போயிடப் போகுது" என்று அம்மா தடுத்தார்.

"பூட்டுதான்மா கெட்டிருக்கு. வீட்டுக்குள்ள பொருள் அப்படியே இருக்கும். வேற வழியா உள்ளே போய்ப் பார்க்கலாம்."

அந்த வேறு வழிதான் பூட்டபிள் பென் டிரைவ். கம்ப்யூட்டர் ஹார்டு டிஸ்க்கிலிருந்துதான் இயங்க வேண்டும் என்று கட்டாயமில்லை. பென் டிரைவில் ஓர் ஆபரேட்டிங் சிஸ்டத்தை எழுதிச் செருகினால், அதிலிருந்தும் எழுந்துவிடும்.

தம்பியின் லேப்டாப்பில் 'லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ'யை டவுன்லோடு செய்தார்கள். இலவசம்தான். 2 ஜி.பி. ரேம் இருக்கும் பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும். சுமார் 3 ஜி.பி. அளவில் ஒரே ஐஎஸ்ஓ ஃபைலாக வந்தது. தம்பி அதை ஒரு பென் டிரைவில் காப்பி செய்து, பழைய லேப்டாப்பில் செருகினான். அதே கறுப்புத் திரை!

"டேய், மாவு பாக்கெட்டைப் பிரிக்காம அப்படியே இட்லிப் பானைக்குள்ள வெச்ச மாதிரி இருக்குடா" என்று சிரித்தாள் அக்கா. ஐஎஸ்ஓவை வெறுமனே காப்பி செய்தால், பென் டிரைவுக்கு அது இன்னொரு ஃபைல், அவ்வளவுதான். கம்ப்யூட்டர் எழும்போது தேடும் தொடக்கக் குறிப்புகள் உரிய இடத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். அந்த வேலையைச் செய்ய 'ரூஃபஸ்', 'பலேனா எட்ச்சர்' போன்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன.

ரூஃபஸைத் திறந்து, பென் டிரைவைத் தேர்ந்தெடுத்து, ஐஎஸ்ஓவைக் காட்டி, 'ஸ்டார்ட்' அழுத்தியதும் ஓர் எச்சரிக்கை வந்தது: பென் டிரைவில் உள்ள அனைத்தும் அழிந்துவிடும்.

மகளின் கை நின்றது. "இது யாரோட பென் டிரைவ்டா?"

அம்மாவுடையது. தைக்கும்போது ஸ்பீக்கரில் போட்டுக் கேட்கும் பாட்டுகள் அத்தனையும் அதில்தான். அப்பா கடையில் கொடுத்து ஏற்றி வந்தவை. தம்பி நாக்கைக் கடித்துக்கொண்டான். எல்லாப் பாட்டையும் அவன் லேப்டாப்புக்கு மாற்றி, நாலைந்தைப் போட்டுக் கேட்டு உறுதிசெய்த பிறகே 'ஓகே' கொடுத்தார்கள்.

எழுதி முடிந்ததும், பழைய லேப்டாப்பில் பென் டிரைவைச் செருகி, ஆன் செய்த நொடியே எஃப்12 தட்டினாள். (இந்த பட்டன் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்; எஃப்2, எஃப்9, எஸ்கேப் ஆகவும் இருக்கலாம்.) வந்த பட்டியலில் பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தாள். சில நிமிடங்களில் திரை முழுக்க வெளிச்சம்.

திரையில் 'இன்ஸ்டால்' ஐகான் இருந்தது. "அழுத்தவா?" என்றான் தம்பி. "கையை எடு" என்றாள். இன்ஸ்டால் செய்யாமலே பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கும் இதைத்தான் 'லைவ்' என்கிறார்கள். நாமாக எதையும் மாற்றாதவரை ஹார்டு டிஸ்க்கில் இருப்பது அப்படியே இருக்கும். ஹார்டு டிஸ்க்கே பழுதாகியிருந்தால் இந்த வழி பலிக்காது. நல்லவேளை, கெட்டுப்போனது விண்டோஸ் மட்டும்தான்.

ஃபோல்டர்களைத் திறந்து தேடினாள். கிடைத்தது. அப்பா திரைக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுவந்து கேட்கிறார்: "இதுல நான் தெரியறேனா?"

"தெரியறீங்க" என்றார் அம்மா. அதற்கு மேல் யாரும் எதுவும் பேசவில்லை.

முதலில் அந்த வீடியோ தம்பியின் எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்குக்குப் போனது. பிறகு படங்கள், அம்மாவின் தையல் கணக்கு ஃபைல்கள். இரண்டாவது பிரதி மகளின் செல்போனில். இரண்டையும் திறந்து பார்த்த பிறகே 'இன்ஸ்டால்' ஐகானில் கை வைத்தாள். பழைய விண்டோஸ் 7 போனது. அதற்கான பாதுகாப்பு அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியிலேயே நிறுத்திவிட்டதால், அதில் வருத்தமும் இல்லை.

இப்போது அந்த லேப்டாப் தையல் மெஷின் பக்கத்தில் இருக்கிறது. நாலைந்து டேப் திறந்தால் திணறத்தான் செய்கிறது. ஆனால், லிப்ரே ஆபீஸில் கணக்கு எழுத அது போதும்.

கோவைக்குக் கிளம்பும் அன்று காலை, அம்மா பென் டிரைவை நீட்டினார். "வேலை முடிஞ்சுதுல்ல... பாட்டை மறுபடி ஏத்திக் கொடுத்துட்டுப் போ."

ஃபார்மேட் செய்து, ஒரு பாட்டுகூட விடாமல் ஏற்றிக் கொடுத்தாள். கூடவே, அப்பாவின் வீடியோவையும்.